"கேஸ் போயிடுச்சு சார்": கார் ஏசியின் கதை

சித்திரை பிறந்துவிட்டால் நம்மூர் ஏசி பட்டறைகளில் ஒரே பேச்சுதான். "கேஸ் போயிடுச்சு சார். ஃபில் பண்ணிட்டா ஜில்லுன்னு ஆயிடும்." பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார் என்றால் போனட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். நாமும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த கோடையில் மறுபடி அதே பட்டறை, அதே பேச்சு.

இந்தச் சின்ன வாசகத்துக்குப் பின்னால் எண்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நல்ல மெக்கானிக் சொல்லும் சரியான வார்த்தைதான். காலம் மாறியது, உள்ளே ஓடும் வாயு மாறியது, வாசகம் மட்டும் மாறவில்லை. நம் வயதுக்காரர்கள் பலரும் இன்னும் பழைய காரைத்தான் வைத்திருக்கிறோம் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடான வாயு முன்னால் உள்ள கன்டென்சரில் காற்றுப்பட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகப் பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே திரும்புகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாவதால்தான். பானையில் ஆவி வெளியே போய்விடுகிறது, இங்கே திரும்பப் பிடித்துக்கொள்கிறோம். வீட்டு ஃபிரிட்ஜுக்கு இருபது வருடமாகக் கேஸ் போடாமலே காலம் தள்ளியவர்கள் நம்மில் உண்டு. அதே வேலையைச் செய்யும் கார் ஏசிக்கு மட்டும் ஏன் வருடா வருடம்?

ஃபிரிட்ஜில் கம்ப்ரசரும் மோட்டாரும் ஒரே இரும்புக் குடுவைக்குள் வைத்து மூடிப் பற்றவைக்கப்பட்டவை. வெளியே வருவது செப்புக் குழாய் மட்டும். காரில் கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின். அதனால் அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அச்சைச் சுற்றி ஒரு சீல் வேண்டும். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. எனவே இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் வேண்டும். இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங். இத்தனை இடம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத்தான் செய்யும். கார் ஏசியோடு கூடவே பிறந்த குறை இது.

அது பிறந்தது அமெரிக்காவில். 1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் பேக்கார்டு நிறுவனம் ஏசி பொருத்திய காரைக் காட்டியது. விலை 274 டாலர் கூடுதல். கூலிங் காயில் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, போனட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். போருக்குப் பிறகு ஐம்பதுகளில்தான் மறுபடி சூடுபிடித்தது. 1954ல் நாஷ் நிறுவனம் ஹீட்டர், ஏசி இரண்டையும் சேர்த்து முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது. காந்தக் கிளட்சும் வந்தது. 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசி இருந்தது.

இவற்றில் ஓடிய வாயு ஆர்-12. ஃப்ரியான் என்ற வணிகப் பெயரில்தான் பலருக்கும் தெரியும். இருபதுகளின் ஃபிரிட்ஜுகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று விஷ வாயுக்கள் ஓடின. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மாற்றாக ஜெனரல் மோட்டார்ஸுக்காகத் தாமஸ் மிட்க்லி குழு கண்டுபிடித்ததுதான் இந்தக் குளோரோஃப்ளூரோகார்பன் குடும்பம். 1930ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்க்லி இந்த வாயுவை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று நிரூபிக்க. பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இதே மனிதருடையதுதான். 2000ஆம் ஆண்டு வரை நம் பங்க்குகளில் அது விற்றது. ஒரே ஆள் இரண்டு முறை உலகக் காற்றைக் கெடுத்திருக்கிறார். இரண்டு முறையும் நல்லெண்ணத்தோடுதான்.

ஆர்-12 மலிவு, நிலையானது, எதோடும் வினைபுரியாது. ஆகவே கசிந்தால் யாருக்கும் கவலை இல்லை. ஓட்டையைத் தேடி நேரம் செலவழிப்பதை விட ஒரு டின் நிரப்புவது லாபம். பழுது பார்க்கும்போது மிச்ச வாயுவை அப்படியே காற்றில் திறந்துவிடுவதும் வழக்கமாக இருந்தது. 'கேஸ் போட்டுடலாம்' என்ற பழக்கம் பிறந்த இடம் இதுதான்.

எவ்வளவு போடுவது? அதற்கு அழகான ஒரு வழி இருந்தது. திரவம் போகும் பாதையில், ட்ரையர் பாட்டிலின் தலையில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கும். சைட் கிளாஸ் என்பார்கள். எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தால் கேஸ் குறைவாக இருக்கும்போது நுரை ஓடும். நிரப்பிக்கொண்டே வர, நுரை மறைந்து கண்ணாடி தெளியும். நிறுத்திவிடலாம். கேஜும் வேண்டாம், தராசும் வேண்டாம். பழைய அமெரிக்கக் கார்கள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கேஸ் பிடிப்பவை. ஐம்பது கிராம் கூடக் குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. நம்மூரில் அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் டேஷ்போர்டுக்குக் கீழே பெட்டி போல ஏசியைத் தொங்கவிட்ட தலைமுறையும் இந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தொழில் கற்றது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணாலும் காதாலும் நோய் கண்டுபிடித்த நல்ல கைகள் அவை. (அந்தக் காலத்தில் ஏசி போட்ட ஃபியட்டில் ஏற்காடு ஏறியவர்களுக்கு நினைவிருக்கும். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவோம். 800 சிசி மாருதி வந்த பிறகும் அதே கதைதான்.)

இந்த மலிவுக்கு ஒரு விலை இருந்தது. 1974ல் கலிஃபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்ட், மரியோ மொலினா என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதோடும் வினைபுரியாத இந்த வாயுக்கள் கீழே அழியாததால் மெல்ல மேலே போய்ச் சேர்கின்றன. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் அவற்றை உடைக்கிறது. உடைந்து வரும் குளோரின் ஓசோனை அழிக்கிறது. இதுதான் சாரம். தொழிற்சாலைக்காரர்கள் பலத்த எதிர்ப்புக் காட்டினார்கள். 1985ல் அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்தில் அளந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், வசந்த காலத்தில் அங்கே ஓசோன் மளமளவென்று குறைவதை அறிவித்ததும் வாதம் அடங்கிவிட்டது. ரோலண்டுக்கும் மொலினாவுக்கும் 1995ல், பால் குருட்சனோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

எண்பதுகளில் அமெரிக்காவில் ஆர்-12 அதிகம் செலவான இடங்களில் முன்னணியில் இருந்தது கார் ஏசி. அதில் பெரும்பகுதி போனது புதுக் கார்களுக்கு அல்ல, கசிந்ததை நிரப்புவதற்கு. ஓட்டையை அடைக்காமல் டின்னைக் கவிழ்த்த அந்தச் சோம்பலுக்கு ஓசோன் ஓட்டையில் கணிசமான பங்கு உண்டு.

1987 செப்டம்பர் 16ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாம் உடனே சேரவில்லை. பணக்கார நாடுகள் கெடுத்த காற்றுக்கு நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்பது இந்தியா, சீனாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். 1990ல் லண்டன் கூட்டத்தில் வளரும் நாடுகளுக்கு நிதி ஏற்பாடு முடிவான பிறகு, 1992ல் இந்தியா சேர்ந்தது. நமக்கு இதில் ஒரு நேர்த் தொடர்பும் உண்டு. மேட்டூர் என்றால் அணைதான் நினைவுக்கு வரும். அங்குள்ள கெம்ப்ளாஸ்ட் ஆலை, இந்தியாவில் இந்த வாயுக்களைத் தயாரித்த ஒரு சில நிறுவனங்களில் ஒன்று. 2003 ஜனவரிக்குப் பிறகு இந்த வாயுக்களை வைத்துப் புது ஏசி தயாரிப்பது இங்கே சட்டப்படி நின்றது. 2008ல், கெடுவுக்கு முன்பாகவே, உற்பத்தியையும் இந்தியா நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் 1995 முடிவோடு உற்பத்தி நின்றதும் விலை எகிறி, ஆர்-12 மெக்சிகோ எல்லை வழியாகவும் மியாமி துறைமுகம் வழியாகவும் கடத்தல் சரக்காகவே ஆகிவிட்டது.

கார்களில் ஆர்-12க்குப் பதில் வந்தது ஆர்-134ஏ. நம் நாட்டுக் கார்களில் தொண்ணூறுகளின் பிற்பாதியில் பரவியது. குளோரின் இல்லை என்பதால் ஓசோனுக்குத் தீங்கில்லை. அழுத்தமும் கொதிநிலையும் ஏறக்குறைய பழைய வாயு மாதிரியே. ஆர்-12 சுழியத்துக்குக் கீழே 30 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், இது 26ஐ ஒட்டி. பார்வைக்கு அண்ணன் தம்பி. குணத்தில் மூன்று வித்தியாசம், அந்த மூன்றிலும்தான் பழைய பட்டறைப் பாடம் பொய்த்துப்போனது.

ஒன்று, எண்ணெய். கம்ப்ரசருக்கு உயவு தருவது வாயுவோடு கலந்து ஓடும் எண்ணெய். ஆர்-12 தாது எண்ணெயில் கரையும், 134ஏ கரையாது. அதற்கு வேறு செயற்கை எண்ணெய் வேண்டும். பழைய காரில் எண்ணெயை மாற்றாமல் புது வாயுவை ஏற்றியபோது, எண்ணெய் காயிலில் தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு ஓடிப் பிடித்துக்கொண்டது. உதிர்ந்த அலுமினியத் துகள் கன்டென்சர் வரை போய் அடைத்தது. "புது கேஸ் சரியில்லை" என்று அப்போது ஒரு பேச்சு ஓடியதே, அதில் பாதிக்கு இதுதான் காரணம். இரண்டு, வெயில். கடும் சூட்டில் 134ஏயின் அழுத்தம் பழைய வாயுவைத் தாண்டி ஏறும். ஆர்-12க்கு அளவெடுத்த கன்டென்சர் அதற்குப் போதாது.

மூன்றாவதுதான் முக்கியம், அந்தக் கண்ணாடி. 134ஏயில் சரியான அளவு இருக்கும்போதும் நுரையோ மங்கலோ தெரியலாம். தெளியும் வரை நிரப்பினால் அளவு மீறிவிடும். இன்றைய சிறிய கார்களில் மொத்தமே அரைக் கிலோவுக்கும் குறைவு. நூறு கிராம் கூடினால் கன்டென்சரின் கீழ்ப்பகுதி திரவத்தால் நிறைந்து, வாயு குளிர இடம் குறைகிறது. அழுத்தம் எகிறும், குளிர் குறையும், கம்ப்ரசர் முக்கும். குளிர் குறைவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றுவார்கள். அதனால்தான் நோய் குறைந்த கேஸா, கூடிய கேஸா, இரண்டும் இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதல் கேள்வி: காற்று குறைவா, குளிர் குறைவா? வரும் காற்று ஜில்லென்று இருந்து அளவுதான் குறைவு என்றால் அது கேஸ் விவகாரமே இல்லை. பழைய கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டர் கிடையாது. வருடக்கணக்கான தூசியும் வேப்பம்பூவும் ஈரமான கூலிங் காயிலில் படிந்து கம்பளி மாதிரி மூடியிருக்கும். கிளம்பும்போது நன்றாகக் குளிர்ந்து, அரை மணியில் காற்று வற்றி, பத்து நிமிடம் அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறதா? காயிலில் பனி உறைகிறது, தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்தான் குறைவு என்றால், எப்போது குறைவு என்று கவனியுங்கள். நெடுஞ்சாலையில் நன்றாக இருந்து சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகிறதா? கன்டென்சர் முன்னாலுள்ள ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் பூச்சியும் அடைத்திருக்கலாம். செலவில்லாத சோதனை ஒன்று: நடுத் துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, ஏசி ஓடும்போது கன்டென்சர் மேல் ஒரு குவளைத் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். சுற்றும் ஃபேனுக்குக் கையை விலக்கி வையுங்கள். அளவு சட்டென்று இறங்கினால் சிக்கல் சூடு வெளியேறாததில் இருக்கிறது. வெளியே 35 டிகிரி வெயிலில், உள்காற்றைச் சுழற்றும் நிலையில், பத்து நிமிடத்தில் 10 டிகிரியை ஒட்டி வந்தால் பழைய காருக்கு அது நல்ல ஆரோக்கியம். தெர்மாமீட்டர் வைப்பதில் இன்னொரு சௌகரியம், பட்டறையில் 'ஜில்லுன்னு இருக்கா சார்?' என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்லலாம்.

யாரும் யோசிக்காத ஒன்று ஹீட்டர். நம்மூரில் அதை யார் தொடுகிறார்கள்? வருடக்கணக்கில் அசையாத ஹீட்டர் வால்வு பாதி திறந்த நிலையில் பிடித்துக்கொண்டால், எஞ்சினின் கொதிநீர் டேஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசி குளிர்விக்கும், ஹீட்டர் சூடாக்கும். எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் பயனில்லை.

இத்தனையும் சரி என்றால்தான் கேஜ். ஏசி ஓடாதபோது கேஜை மாட்டி "பாருங்க சார், நூறு காட்டுது, ஃபுல்லா இருக்கு" என்றால் நம்பாதீர்கள். சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், தூக்கிப் பார்த்தால்தான் அளவு தெரியும். உள்ளே துளித் திரவம் இருக்கும் வரை அழுத்தம் அன்றைய சூட்டைத்தான் காட்டும், அளவை அல்ல. எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 35 டிகிரி வெயிலில் 134ஏ காருக்கு நீலக் கேஜில் 30–45, சிவப்பில் 200–250 பி.எஸ்.ஐ. சுமாரான கணக்கு. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவாக இருக்கலாம். இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடியிருக்கலாம், உள்ளே காற்று புகுந்திருக்கலாம், கன்டென்சர் குளிராமல் இருக்கலாம். நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்தால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. நீலம் பூஜ்யத்தை ஒட்டிப் போனால் வழியில் எங்கோ அடைப்பு.

உண்மையாகவே கேஸ் குறைவு என்றால் அது எங்கே போனது என்ற கேள்வி வரும். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய கறுப்புத் திட்டு இருந்தால் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு ரூபாய் ஓ-ரிங்காகவும் இருக்கும், டேஷ்போர்டையே இறக்க வேண்டிய கூலிங் காயிலாகவும் இருக்கும். அடைத்த பிறகு குறைந்தது அரை மணி வேக்கம் போட்டு ஈரத்தை எடுத்து, போன எண்ணெய்க்கு ஈடு ஊற்றி, தராசில் நிறுத்து கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ காரோடு வந்த புத்தகத்திலோ இருக்கும்.

கேஸ் என்ற பெயரில் என்ன ஏற்றுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 134ஏ விலை ஏறியபோது போலிச் சரக்கும் வந்தது. 2011ல் வியட்நாமில் பழுது பார்க்கப்பட்ட குளிர்சாதனக் கப்பல் கண்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். உள்ளே 134ஏயோடு கலந்திருந்தது மெத்தில் குளோரைடு. இருபதுகளில் எந்த விஷ வாயுவை விரட்ட மிட்க்லி மெழுகுவர்த்தியை ஊதினாரோ, அதேதான். அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப்பட்டால் தானே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். கார் ஏசியில் காயில், கன்டென்சர் எல்லாம் அலுமினியம்தான். சீல் உடையாத, பெயர் தெரிந்த சிலிண்டரைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

134ஏயின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிட்டாலும், கரியமில வாயுவைப் போல ஆயிரத்துச் சொச்சம் மடங்கு பூமியைச் சூடாக்கும். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் அது கூடாது, பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயுதான். 2016 கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021ல் ஏற்றது. நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. புது வாயுவின் நிரப்பு வாய்கள் வேறு அளவில் இருக்கும், பழைய காரில் பொருந்தாது. ஆகவே நம் வண்டிகள் இருக்கும் வரை 134ஏதான். வரத்து குறையக் குறைய அதன் விலை ஏறும், ஆர்-12க்கு ஆனது போலவே. இந்தக் கோடையில் பட்டறைக்குப் போகிறவர்கள், புதிதாக ஏற்றுவதற்கு முன் பழைய கேஸ் எத்தனை கிராம் வெளியே வந்தது என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கோடையில் எவ்வளவு கசிந்தது என்று அந்த எண் சொல்லும்.